உள்ளிதழ் குறைப்பு அறுவை: முதல் ஆலோசனையிலிருந்து ஆறாவது வாரம் வரை

பெண்ணுறுப்பின் உள்ளிதழ்களுக்குச் சரியான அளவு என்று ஒன்று கிடையாது. 2005-ல் லண்டனில் 50 பெண்களை அளந்து பார்த்த மருத்துவர்கள், உள்ளிதழின் அகலம் ஒருவருக்கு 7 மி.மீ. என்றும் இன்னொருவருக்கு 50 மி.மீ. என்றும் பதிவு செய்தார்கள். இரண்டும் இயல்பே. ஒரு பக்கம் சிறிதாகவும் மறுபக்கம் பெரிதாகவும் இருப்பது, ஓரம் கறுத்திருப்பது, சுருக்கம் விழுந்திருப்பது, வெளியிதழைத் தாண்டி வெளியே தெரிவது எல்லாமே இயல்புதான். லேபியாபிளாஸ்டி என்கிற இந்த அறுவையைப் பற்றி யோசிப்பவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் வெட்டி எடுத்த தோலை மறுபடி வைக்க முடியாது.

அதே சமயம், தொந்தரவு உண்மையாக இருக்கும் பெண்களும் உண்டு. சைக்கிள் ஓட்டினால், ஜீன்ஸ் போட்டால், நெடுநேரம் நடந்தால் இதழ் மடங்கி உராய்ந்து எரியும். உறவின்போது உள்ளே இழுபட்டு வலிக்கும். அவர்களிடம் "அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ட்டு வாம்மா" என்று சொல்லி அனுப்புவது நியாயம் இல்லை. இந்த வழிகாட்டி அப்படிப்பட்டவர்களுக்காக.

எது தொந்தரவு என்று பிரித்துப் பாருங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள்: எப்போது வலிக்கிறது, எந்த உடையில், எந்தப் பக்கம், எத்தனை நாளுக்கு ஒருமுறை. உராய்வு வலி என்றால் அசைவோடும் உடையோடும் சேர்ந்து வரும், ஓய்வில் அடங்கிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் இரவிலும் அரிப்பு எடுத்தால் காரணம் பெரும்பாலும் வேறு: பூஞ்சைத் தொற்று, சோப்பு அல்லது நாப்கின் ஒவ்வாமை, ஷேவ் செய்வதால் வரும் முடிக்கால் புண். லைக்கன் ஸ்கிளரோசஸ் என்று ஒரு தோல் நோய் இருக்கிறது. அதில் தோல் வெளுத்து, மெலிந்து, சுருங்கும்; அரிப்பு தூங்க விடாது. அதற்கு வேண்டியது ஸ்டீராய்டு களிம்பு. அந்த நோயைக் கவனிக்காமல் கத்தி வைத்தால் நோய் அப்படியே இருக்கும், தழும்பு மட்டும் கூடும்.

அதனால் இரண்டு மூன்று மாதம் இதைச் செய்து பாருங்கள். அந்த இடத்தில் சோப்பு, வாசனை வாஷ் எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடை, தளர்வான உடை. நடைக்கும் சைக்கிளுக்கும் முன் இதழின் மேல் மெல்லிதாக வாசலின். ரேசரை நிறுத்தி, கத்தரிக்கோலால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது. பலருக்குத் தொந்தரவு இதிலேயே ஓரளவு குறையும். குறையாவிட்டாலும் நஷ்டமில்லை, டாக்டரிடம் சொல்ல உங்களிடம் தெளிவான விவரம் இருக்கும்.

18 வயது நிறையாதவர்களுக்கு இந்த அறுவை வேண்டாம் என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013-லேயே சொல்லிவிட்டது. பருவ வயதில் இதழ்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் வளராது. மகளுக்காக இதைத் தேடிப் படிக்கும் அம்மாக்கள் காத்திருப்பதே நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள் செய்துகொள்ளக் கூடாது. குழந்தை பிறந்து ஆறு மாதமாவது போகட்டும். கணவரோ காதலரோ சொன்னதால் வந்தேன் என்பது இந்த அறுவைக்குக் காரணமாகாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பு முடித்தவர், அல்லது இந்த அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற மகப்பேறு மருத்துவர், இந்த இருவரில் ஒருவரிடம் போங்கள். பியூட்டி கிளினிக்கில் "அரை மணி நேரத்தில் லேசர்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம். லேசர் என்பது இங்கே வெட்டும் கருவி, அவ்வளவுதான். எவ்வளவு வெட்டுவது என்கிற முடிவை அது எடுக்காது. "வஜைனல் ரெஜுவனேஷன்" (யோனியை இளமையாக்குவது) என்ற பெயரில் லேசர் கருவிகளை விற்பது குறித்து அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூலையில் எச்சரிக்கை விடுத்தது: தீக்காயம், தழும்பு, உறவில் வலி. அதை இந்த அறுவையோடு சேர்த்து "பேக்கேஜ்" ஆகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும். இது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். கையில் கண்ணாடி ஒன்றைக் கொடுக்கச் சொல்லி, எந்த இடம் தொந்தரவு தருகிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். படுத்த நிலையில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, நின்ற நிலையிலும் பார்க்க வேண்டும்.

கேள்விகள்: எந்த முறையில் செய்வீர்கள், எனக்கு ஏன் அந்த முறை? எத்தனை மில்லி மீட்டர் விடுவீர்கள்? கிளிட்டோரிஸின் மேல் மூடியாக இருக்கும் தோலைத் தொடுவீர்களா? தையல் விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்? மறு அறுவை தேவைப்பட்டால் செலவு யாருடையது? ராத்திரி ரத்தம் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடுவது?

இவற்றில் இரண்டாவது கேள்விதான் முக்கியம். பெரும்பாலும் நாம் "எவ்வளவு எடுப்பீங்க" என்று கேட்கிறோம். கேட்க வேண்டியது, எவ்வளவு விடுவீர்கள் என்பது. இதழில் குறைந்தது 1 செ.மீ. அகலம் மிஞ்ச வேண்டும் என்பதே அனுபவமுள்ள சர்ஜன்கள் வைத்திருக்கும் கணக்கு. உள்ளிதழ் யோனி வாசலையும் சிறுநீர்த் துவாரத்தையும் மூடிக் காக்கிறது. அதில் நரம்பு நுனிகள் நிறைய உண்டு. ஒட்ட வெட்டிவிட்டால் வாசல் வறண்டு எரியும், சிறுநீர் சிதறும், தழும்பு இழுக்கும். உள்ளிதழ் வெளியே தெரியாதபடி ஒட்ட வெட்டுவதை "பார்பி லுக்" என்று விளம்பரம் செய்கிறார்களே, அதன் மறுபக்கம் இதுதான். சரிசெய்ய வேறு இடத்திலிருந்து தோலைத் திருப்பி வைக்க வேண்டிவரும், அது பழையபடி ஆகாது.

போட்டோ எடுப்பார்கள். அது எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தில் "விளம்பரத்துக்கும் கற்பித்தலுக்கும் பயன்படுத்தலாம்" என்று ஒரு வரி நுழைந்திருக்கும். வேண்டாம் என்றால் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள். வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து வேண்டியதில்லை.

செலவு விஷயம் ஒரு வரியில்: அழகுக்காகச் செய்யும் அறுவை என்று வகைப்படுத்துவதால் இந்தியாவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் தராது, ஜி.எஸ்.டி. விலக்கும் இல்லை, வரி சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு முறைகள்

ஓர வெட்டு முறையில் இதழின் விளிம்பை நீளவாக்கில் வெட்டித் தைப்பார்கள். கறுத்த ஓரம் போய், உள்ளிருக்கும் இளஞ்சிவப்பு தெரியும். தையல் விட்டுப்போவது குறைவு. ஆனால் தழும்பு முழு விளிம்பிலும் ஓடும். தையல் இறுக்கமாக விழுந்தால் ஓரம் பல் பல்லாக நெளியும். கை தாராளமானால் அதிகம் வெட்டிவிடுகிற ஆபத்தும் இந்த முறையில்தான் கூடுதல்.

ஆப்பு முறையில், 1998-ல் கேரி ஆல்டர் என்ற அமெரிக்க சர்ஜன் எழுதி வைத்தது, இதழின் நடுவிலிருந்து தர்பூசணித் துண்டு போல முக்கோணமாக எடுத்து, மேலும் கீழும் சேர்த்துத் தைப்பார்கள். இயல்பான ஓரம் அப்படியே இருக்கும். இணைக்கிற இடத்தில் கறுப்பும் வெளுப்பும் அடுத்தடுத்து வந்து நிற வித்தியாசம் தெரியலாம். இழுப்பு முழுவதும் அந்த ஒரே தையல் கோட்டின் மேல் விழுவதால், விட்டுப்போவதும் ஓட்டை விழுவதும் இதில் அதிகம். புகைபிடிப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கி, சேர்த்துத் தைத்த நுனிக்கு ரத்தம் போகாமல் செய்துவிடும்.

இதழ் நீளமாகத் தொங்கினால் ஆப்பு, ஓரம் தடித்துக் கறுத்திருந்து அதுவே தொந்தரவு என்றால் ஓர வெட்டு என்று பொதுவாகச் சொல்லலாம். கிளிட்டோரிஸின் மேல் மூடித் தோல் தடிப்பாக இருப்பவர்களுக்கு இதழை மட்டும் குறைத்தால் அந்த மூடி துருத்திக்கொண்டு தெரியும். இது அறுவைக்குப் பிறகு வரும் வழக்கமான ஏமாற்றம். முன்கூட்டியே பேசியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

முந்தைய வாரங்கள்

மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் தேதி குறியுங்கள். அப்போதுதான் அடுத்த மாதவிலக்குக்குள் தையல் ஓரளவு ஆறியிருக்கும். சிகரெட், புகையிலை, வேப் எதுவானாலும் முன்னும் பின்னும் நான்கு நான்கு வாரம் நிறுத்த வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஐபுபுரூஃபன் போன்றவை ரத்தப்போக்கைக் கூட்டும். பத்து நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். சமையலில் போடும் பூண்டு பிரச்சினை இல்லை. இதய நோய்க்காக ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டே எதுவும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகே தேதி. அந்த இடத்தில் முன்பு எப்போதாவது ஹெர்பிஸ் கொப்புளம் வந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அறுவையின் அதிர்ச்சியில் அது திரும்பக் கிளம்பும், முன்பே மாத்திரை கொடுத்தால் தடுக்கலாம்.

முந்தைய நாள் ரேசரால் ஷேவ் செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும். டிரிம்மர் போதும்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை: பிளாஸ்டிக் வலை இல்லாத பருத்தி நாப்கின், இரண்டு ஐஸ் பேக், மூக்கு நீண்ட தண்ணீர் பாட்டில், பழைய மெல்லிய பருத்தித் துணிகள், இசப்கோல், ஒரு சைஸ் பெரிய உள்ளாடை. வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் மேலே வைக்கும் கமோடு நாற்காலி ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். குந்தி உட்காரும்போது இரண்டு பக்கமும் விரிந்து தையலை நேராக இழுக்கும்.

அறுவை நாள்

மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டும் செய்யலாம், லேசான மயக்கத்திலும் செய்யலாம், முழு மயக்கத்திலும் செய்யலாம். முழு மயக்கம் என்றால் ஆறு மணி நேரம் உணவு கூடாது, இரண்டு மணி நேரம் முன்பு வரை தண்ணீர் குடிக்கலாம். அறுவைக்கு ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

கோடு போடுவதை மட்டும் கவனியுங்கள். ஊசி போடுவதற்கு முன்பு, நீங்கள் விழிப்போடு இருக்கும்போதே, இதழை இழுக்காமல் தளர்வாக வைத்து மார்க்கரால் கோடு போட வேண்டும். ஊசி மருந்து இறங்கினதும் இதழ் தண்ணீர் கோத்ததுபோல உப்பிவிடும். அதன் மேல் போடும் கோடு தவறும். இதழை இழுத்துப் பிடித்துக்கொண்டு கோடு போட்டாலும் தவறும், விட்டதும் சுருங்கிக்கொள்ளும் அல்லவா. கோடு போட்டு முடித்ததும் கண்ணாடியில் பாருங்கள். கோட்டுக்கு உட்பக்கம் மிஞ்சப்போவதுதான் உங்களுடையது. அதிகம் எடுப்பதுபோல் தெரிந்தால் அந்த நொடியில் சொல்ல வேண்டும். பிறகு குறைவு என்று பட்டால் இன்னும் கொஞ்சம் எடுக்கலாம். அதிகமாகப் போனதற்கு வழி இல்லை.

மரத்துப்போக வைக்கும் லிக்னோகெயின் ஊசி இறங்கும்போது சில விநாடி சுரீரென்று எரியும், பிறகு ஒன்றும் தெரியாது. அதோடு அட்ரினலின் கலந்திருப்பார்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கி வைப்பதால் அறுவை மேசையில் ரத்தம் குறைவாகவே வரும். சில மணி நேரத்தில் அதன் வேகம் இறங்கும்போது குழாய்கள் திரும்ப விரியும். வீட்டுக்கு வந்த பிறகு கசிவு கூடுவது இதனால்தான். நாப்கினில் சில சொட்டு, ரோஜா நிறத் தண்ணீர் போல வருவது சரி. மரப்பு முழுதாக விடுவதற்கு முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள்.

முதல் மூன்று நாள்

முதல் தடவை சிறுநீர் கழிக்கத்தான் எல்லோருக்கும் பயம். பயந்து அடக்கினால் சிறுநீர் அடர்ந்து இன்னும் எரியும். நிறையத் தண்ணீர் குடியுங்கள். கமோடில் கால்களை அகட்டாமல், உடம்பை முன்னால் சாய்த்து உட்காருங்கள். பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து, சிறுநீர் தொடங்கும் முன்பே மேலிருந்து ஊற்ற ஆரம்பித்து, முடியும் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள். சிறுநீர் நீர்த்துப்போவதால் தையலில் எரியாது. ஹேண்ட் ஷவரை நேராக அடிக்காதீர்கள், அந்த வேகம் தையலைப் பிரிக்கும். பிறகு துணியால் ஒற்றி எடுங்கள், முன்னாலிருந்து பின்னால். தேய்க்கவே கூடாது. ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் பிரியவில்லை என்றால் மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, உள்ளாடைக்கு மேலே, 10 முதல் 15 நிமிடம் வைத்து, ஒரு மணி நேரம் விட்டு மறுபடி. தோலில் நேராக வைத்தால், அந்த இடம் மரத்திருப்பதால் பனிப்புண் வருவதே தெரியாது. படுக்கும்போது இடுப்புக்கு அடியில் ஒரு தலையணை. வலிக்குப் பாரசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. டிராமடால் போன்ற மாத்திரை கொடுத்திருந்தால் மலச்சிக்கல் வரும். முக்கினால் தையலுக்கு ஆபத்து, ஆகவே அன்றிரவே இசப்கோலைத் தொடங்குங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாளில் வீக்கம் உச்சத்துக்குப் போகும். கண்ணாடியில் பார்த்தால் பயமாக இருக்கும்: அறுவைக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிதாக, நீலம் பாரித்து, ஒரு பக்கம் இன்னொன்றைவிட உப்பலாக. இதைப் பார்த்து அழாதவர்கள் குறைவு. இது இறுதி உருவம் அல்ல. இந்த வாரத்தில் கண்ணாடியைச் சிவப்பு, சீழ் தெரிகிறதா என்று பார்க்க மட்டும் எடுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் மஞ்சள், வேப்பிலைத் தண்ணீர், தேங்காய் எண்ணெய், டெட்டால் என்று அன்போடு சொல்வார்கள். தையல் மேல் இவற்றில் எதுவும் வேண்டாம். டெட்டால் புதுத் தோலைச் சுட்டுவிடும். எண்ணெயும் மஞ்சளும் கறையும் தூளுமாகத் தையலில் அடைந்து, தொற்று வந்தாலும் தெரியாமல் மறைக்கும். டாக்டர் எழுதிய களிம்பு மட்டும், மெல்லிதாக.

இந்த அறிகுறிகள் தெரிந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று பெருத்து, கெட்டியாகி, கருநீலமாகி, மாத்திரைக்கு அடங்காத வலி எடுத்தால் உள்ளே ரத்தக்கட்டு; அதைத் திறந்து எடுக்காவிட்டால் தோல் அழுத்தத்தில் செத்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தால், 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் வந்தால், நாற்றத்தோடு சீழ் வந்தால், இதழின் ஓரம் கரி போலக் கறுத்தால், அப்போதும் அப்படியே.

இரண்டாம் வாரமும் தையலும்

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. ஏழெட்டு நாளில் வலி குறைந்துவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்து ஸ்கூட்டியை எடுப்பார்கள், தண்ணீர்க் குடம் தூக்குவார்கள், தரையில் சப்பணம் போட்டு உட்காருவார்கள். உள்ளே தோல் அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருக்கும்; கரையும் தையல் நூல் தன் பலத்தை இழந்துகொண்டிருக்கும். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் தையல் விட்டுப்போவது இந்த நாட்களில் அதிகம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஒரு வாரம் லீவு போதும். நின்று நடந்து செய்யும் வேலைக்கு இரண்டு வாரம் எடுங்கள்.

நாப்கினில் சிறு நூல் துண்டு விழுந்தால் பயம் வேண்டாம். தொங்குகிற நூலை நீங்களே இழுக்காதீர்கள். அரிப்பு எடுக்கும், அது ஆறுவதன் அடையாளம். குளிர்ந்த துணியை ஒற்றுங்கள். ஆனால் அரிப்போடு தயிர்த் திப்பி போல வெள்ளைப்பட்டால் ஆன்டிபயாடிக்கால் வந்த பூஞ்சை. அதற்குத் தனி மருந்து.

தையல் ஓரிடத்தில் பிரிந்துவிட்டால்? டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் உடனே திரும்பத் தைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். வீங்கிய திசு வெண்ணெய் போல இருக்கும், தையல் அதில் நிற்காது, அறுத்துக்கொண்டு வரும். சிறிய பிளவு தானாக உள்ளிருந்து மூடிக்கொள்ளும். மிஞ்சுகிற பள்ளத்தையோ ஓட்டையையோ வீக்கம் முழுதாக இறங்கிய பிறகு, சுமார் ஆறு மாதம் கழித்துச் சரிசெய்வார்கள்.

ஆறாவது வாரம் வரை

உறவு, டாம்பன், மென்ஸ்ட்ருவல் கப், நீச்சல், சைக்கிள், இறுக்கமான லெக்கிங்ஸ் எல்லாம் ஆறு வாரம் முடிந்து டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகே. டூ வீலரில் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தாலும் வேகத்தடையில் அடி விழும். இந்தக் காலத்தில் ஆட்டோவோ பஸ்ஸோ நல்லது. முதல் உறவுக்கு வாட்டர்-பேஸ்டு (எண்ணெய் இல்லாத, நீரால் ஆன) லூப்ரிகன்ட் பயன்படுத்துங்கள், வலித்தால் நிறுத்திவிட்டு இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். தொடு உணர்வு மந்தமாகவோ கூச்சமாகவோ இருப்பது பெரும்பாலோருக்குச் சில மாதத்தில் சரியாகும். சிலருக்குத் தழும்பில் ஒரு புள்ளி மட்டும் தொட்டால் சுருக்கென்று வலிக்கும், அதற்குச் சிகிச்சை உண்டு.

உருவம் நிலைக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் "ஒரு பக்கம் பெரிசா இருக்கே" என்று மறு அறுவைக்கு அவசரப்படாதீர்கள்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்த முறை, ஒவ்வொரு பக்கமும் எத்தனை மி.மீ. விடப்பட்டது, மேல் மூடியைத் தொட்டார்களா என்ற மூன்றையும் எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் மறு அறுவைக்கோ பிரசவத்துக்கோ வேறு டாக்டரிடம் போகும்போது, எங்கே வெட்டலாம் எங்கே வெட்டக் கூடாது என்று அவருக்குச் சொல்வது அந்தத் தாள்தான்.